கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் ஆறு
புதிய மீன்தொட்டியில் நீரோட்டத்தையும் வெப்பத்தையும் பேணுவது எப்படி?

வரவேற்பறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நீந்தும் சில வண்ண மீன்கள். வீட்டுக்கு அழகு சேர்க்கவும், பிள்ளைகளுக்கு உயிர்களிடத்தில் அன்பை வளர்க்கவும் இதைவிட எளிய வழி இல்லை என்று எண்ணிப் பலரும் ஆசையோடு மீன்தொட்டி வாங்குகிறார்கள். சென்னையின் கொளத்தூர், மும்பையின் கிராஃபோர்டு சந்தை, கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என நாட்டின் பெருநகரங்களில் இதற்கெனவே பெயர்பெற்ற கடைவீதிகள் உண்டு.

ஆயினும், வாங்கிய முதல் மாதத்திலேயே மீன்கள் ஒவ்வொன்றாக இறந்து, தொட்டி மாடிப்படியின் அடியில் ஒதுங்கிவிடும் இல்லங்களும் குறைவல்ல. மீன் நோயுற்றிருந்தது என்று கடைக்காரரையும், கை ராசியில்லை என்று தம்மையும் நொந்துகொள்வோர் பலர். உண்மையில், பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத இரண்டு செய்திகள்: தொட்டி நீர் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது. இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே சரிப்படுத்திக்கொண்டால் மீன்களும் பிழைக்கும். மீண்டும் மீண்டும் மீன் வாங்கும் செலவும் மிச்சமாகும்.

மீனின் பிறந்த ஊர் எது?

தொட்டியில் என்ன கருவி பொருத்தலாம் என்று கேட்பதற்கு முன், நாம் வளர்க்க விரும்பும் மீன் எத்தகைய நீரில் வாழ்ந்து பழகியது என்று கேட்பதே முறை. இதற்கு நம் நாட்டு மீன்களே நல்ல எடுத்துக்காட்டு.

உடலில் நீலக் கோடுகள் ஓடும் சின்னஞ்சிறு ஜீப்ரா டேனியோ, கங்கை ஆற்றுப் படுகையைச் சேர்ந்த மீன். பிரான்சிஸ் ஹாமில்டன் என்பார் கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் இதனை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் இது வளர்க்கப்படுகிறது. ஓயாமல் நீந்தும் இயல்புடையது. மிதமான ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதில் சளைக்காதது. சற்றுக் குளிர்ந்த நீரையும் தாங்கும்.

அதே நூலில் விவரிக்கப்பட்ட மற்றொரு மீன் குள்ள கௌராமி. இது செடிகள் அடர்ந்த, அசைவு குறைந்த நீரில் வாழ்வது. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிப்பதற்கான தனி உறுப்பு இதன் தலைப்பகுதியில் உண்டு. நீர்ப்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டி முட்டைகளைக் காப்பது இதன் வழக்கம். வேகமான ஓட்டத்தில் அக்கூடு நிலைக்காது. தாய்லாந்தைச் சேர்ந்த ஃபைட்டர் மீனும் இதே இனத்து உறவு. வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்ந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ எனப்படும் டெனிசன் கெண்டையோ இவற்றுக்கு நேர் எதிர். பாறைகளின் இடையே விரைந்தோடும், ஆக்சிஜன் நிறைந்த, குளிர்ந்த நீரே அதன் இல்லம். அழியும் நிலையில் உள்ள இனங்களுள் ஒன்றாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனைப் பட்டியலிட்டுள்ளது. எனவே, பண்ணையில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட குஞ்சுகளா என்று கேட்டறிந்து வாங்குவது நல்லது. அது பெரிதாக வளரும் மீன் என்பதால், நான்கு அடிக்குக் குறையாத தொட்டியும் வேண்டும்.

ஒரே நாட்டின் மூன்று மீன்களுக்கு மூன்று விதமான நீர் தேவைப்படுவதை இதிலிருந்து உணரலாம். ஓட்டத்தை விரும்பும் மீனையும், அமைதியை விரும்பும் மீனையும் ஒரே தொட்டியில் இட்டால் இரண்டில் ஒன்று துன்புறும். வெப்பத்திற்கும் இது பொருந்தும். தங்கமீனுக்கு 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. கப்பி, மோலி, ஏஞ்சல், கௌராமி ஆகியவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி வரை போதுமானது. டிஸ்கஸ் மீன் 28 முதல் 30 டிகிரியை விரும்பும். தங்கமீனையும் டிஸ்கஸையும் ஒன்றாக வளர்க்க எந்தக் கருவியாலும் இயலாது.

நீரோட்டம் செய்யும் மூன்று பணிகள்

தொட்டியில் நீர் ஓடுவது மூன்று காரணங்களுக்காக. முதலாவது, ஆக்சிஜன். காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவது பெரும்பாலும் நீர்ப்பரப்பில்தான். பரப்பு அசைந்துகொண்டே இருந்தால் புதிய நீர் மேலே வந்து ஆக்சிஜனை ஏற்கும். ஏர் பம்ப்பிலிருந்து எழும் குமிழிகள் தாமாகக் கரைத்துத் தருவது குறைவு. அவை மேலெழுந்து பரப்பைக் கலக்குவதே பெரும் பயன்.

இரண்டாவது, தூய்மை. மீனின் கழிவையும் மிஞ்சிய உணவையும் வடிகட்டிக்குக் கொண்டுசேர்ப்பது ஓட்டமே. மூன்றாவது, வெப்பச் சமநிலை. ஓட்டமற்ற தொட்டியில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் தங்கிவிடும். ஹீட்டர் பொருத்திய தொட்டியில் இவ்வேறுபாடு இன்னும் மிகும். ஆகவே நீரோட்டத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே கருதாமல் ஒன்றோடொன்று இணைந்தவையாகவே கருத வேண்டும்.

எவ்வளவு ஓட்டம் போதும்?

இரண்டு அடி நீளமும், ஓர் அடி அகலமும், ஓர் அடி உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவு சுமார் 57 லிட்டர். கூழாங்கல் இட்டு, மேலே சிறிது இடமும் விட்டால் நீர் ஏறத்தாழ 50 லிட்டர் இருக்கும். தொட்டி நீர் முழுவதும் மணிக்கு 4 முதல் 6 முறை வடிகட்டி வழியே சென்றுவருவது பொதுவான அளவு. அதாவது, இத்தொட்டிக்கு மணிக்கு 200 முதல் 300 லிட்டர் வரை ஓட்டம் வேண்டும். ஃபைட்டர், கௌராமி போன்றவற்றுக்கு இதில் பாதியே மிகுதி. அவற்றுக்கு ஏர் பம்ப்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஏற்றது.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவு, பஞ்சு முதலிய வடிபொருள் இல்லாமல், நீரை உயரத்திற்கு ஏற்றாமல் கணக்கிடப்பட்டது. பயன்பாட்டில் அது குறையும். பஞ்சில் அழுக்கு சேரச் சேர இன்னும் குறையும். உண்மையான ஓட்டத்தை வீட்டிலேயே அளக்கலாம். மேலிருந்து நீர் விழும் டாப் ஃபில்டராக இருந்தால், விழும் இடத்தில் ஒரு லிட்டர் குவளையைப் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 12 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 300 லிட்டர். 18 விநாடி ஆனால் 200 லிட்டர். மாதம் ஒருமுறை இவ்வாறு அளந்து குறித்துவைத்தால், வடிகட்டியை எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

அளவுகோலைவிட மீனின் நடத்தை இன்னும் தெளிவாகப் பேசும். மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையிலேயே ஒதுங்கி நின்றாலும், இட்ட உணவு வாயில் சேருமுன் அடித்துச் செல்லப்பட்டாலும் ஓட்டம் மிகுதி. நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம்போல் ஏதேனும் படிந்தாலும், கழிவு ஒரே இடத்தில் குவிந்தாலும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுவாங்கினாலும் ஓட்டம் போதவில்லை.

மிகுதியான ஓட்டத்தைத் தணிக்கப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. நீர் வெளிவரும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பலாம். அதன்மீது சிறு பஞ்சைப் பொருத்தலாம். எதிரில் செடியையோ கல்லையோ வைக்கலாம். நீர் உள்ளே இழுக்கப்படும் வாயிலும் பஞ்சு பொருத்தினால் கப்பிக் குஞ்சுகள் உறிஞ்சப்பட்டு மடியா.

முதல் மாதம் ஏன் ஆபத்தானது?

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவில் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து, பதினைந்து மீன்களை விட்டால், இரண்டாம் வாரத்தில் அவை மடியத் தொடங்குவதன் காரணம் இதுவே. நீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும். நஞ்சு அதில் கரைந்திருக்கும்.

இங்கே நீரோட்டமும் வெப்பமும் மீண்டும் வருகின்றன. பாக்டீரியாக்கள் உயிர்வாழ ஆக்சிஜன் தேவை. அதனைக் கொண்டுவருவது ஓட்டம். ஆகவே, இரவில் ஒலி கேட்கிறது என்றோ, மின்சாரம் மிச்சமாகும் என்றோ வடிகட்டியை நிறுத்துதல் கூடாது. நீரின் வெப்பமும் காரத்தன்மையும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சுப் பகுதி மிகும். கோடையில் தொடங்கிய தொட்டியில் இழப்பு மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பஞ்சைக் குழாய் நீரில் கழுவுவதும் தவறு. நகராட்சி நீரிலுள்ள குளோரின், பாக்டீரியாக்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் ஊற்றி, அதில் பஞ்சை மெல்லப் பிழிந்தெடுத்தால் போதும். புதிதாக ஊற்றும் நீரில், கடைகளில் கிடைக்கும் ‘ஆன்டி குளோரின்’ திரவத்தைக் குறிப்பிட்ட அளவில் கலந்துகொள்ளுங்கள்.

வெப்பமானி சொல்லும் கணக்கு

மீனுக்கு உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. நீர் எவ்வளவு சூடோ, பெரும்பாலான மீன்களின் உடலும் அவ்வளவே. நீர் சூடாகும்போது மீனின் உடலியக்கம் விரைவு பெற்று, மிகுதியான ஆக்சிஜனைக் கேட்கிறது. நீரோ சூடாக ஆகக் குறைவான ஆக்சிஜனையே தாங்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகவும், 35 டிகிரியில் ஏழுக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்கிவிடும். தேவை கூடும் வேளையில் இருப்பு குறைவதே கோடை மரணங்களின் அடிப்படை.

எனவே, மீன் வாங்குவதற்கு முன்பே ஒரு வெப்பமானி வாங்குங்கள். தொட்டியில் நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, ஒரு வாரம் விடியற்காலையிலும் பிற்பகல் 3 மணியளவிலும் வெப்பத்தைக் குறித்துவையுங்கள். இந்தப் பதினான்கு எண்களே உங்கள் வீட்டுக்கு ஹீட்டர் வேண்டுமா, விசிறி வேண்டுமா, எந்த மீன் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும். சென்னையில் பெரும்பாலான மாதங்களில் ஹீட்டரே வேண்டியிராது. பெங்களூரில் மார்கழி, தை மாத இரவுகளில் தேவைப்படலாம். தில்லி, லக்னோ, சண்டிகர் ஆகிய நகரங்களில் குளிர்காலத்தில் ஹீட்டரும் கடுங்கோடையில் விசிறியும் ஆக இரண்டுமே தேவைப்படும்.

தொட்டியை வைக்கும் இடமும் முக்கியம். மேற்கு வெயில் விழும் சன்னலருகிலும், குளிர்சாதனப் பெட்டியின் மேலும், ஏசியின் காற்று நேரே படும் இடத்திலும் வைக்காதீர்கள். பகலில் ஏசி ஓடி இரவில் நிற்கும் அறையில் சிறிய தொட்டியின் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். திடீர் மாற்றமே மீனை நலிவுறச் செய்து வெண்புள்ளி நோய்க்கு இடம்கொடுக்கிறது. தொட்டி பெரிதாக இருந்தால் வெப்பம் மெதுவாகவே மாறும். சிறு கண்ணாடிக் குடுவையைவிட இரண்டடித் தொட்டியைப் பராமரிப்பது எளிது என்பது இதனால்தான்.

குளிரில் ஹீட்டர்

லிட்டருக்கு 1 வாட் என்பது பொதுவிதி. நமது 50 லிட்டர் தொட்டிக்குப் பெங்களூர் போன்ற ஊரில் 50 வாட் போதும். தில்லிக் குளிருக்கு 75 அல்லது 100 வாட் வேண்டும். தேவையைவிட மிகப் பெரிய ஹீட்டரை வாங்குவது ஆபத்து. அதிலுள்ள வெப்பக் கட்டுப்பாடு பழுதாகி ஹீட்டர் அணையாமல் நின்றுவிட்டால், பெரிய ஹீட்டர் சில மணி நேரத்தில் நீரைக் கொதிநிலை நோக்கிக் கொண்டுசெல்லாவிடினும் மீனைக் கொல்லும் அளவுக்குச் சூடாக்கிவிடும். 75 வாட் ஹீட்டர், வெப்ப இழப்பு இல்லையெனக் கொண்டால், 50 லிட்டர் நீரை 1 டிகிரி உயர்த்த சுமார் 47 நிமிடம் எடுத்துக்கொள்ளும். இம்மெதுவான ஏற்றமே மீனுக்கு நல்லது. பழுதைக் கண்டறிய நமக்கும் நேரம் கிடைக்கும்.

ஹீட்டரை நீரோட்டம் படும் இடத்தில் பொருத்துங்கள். வெப்பமானியை அதற்கு எதிர்க்கோடியில் வையுங்கள். இரண்டு முனைக்கும் 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். நீர் மாற்றும்போது ஹீட்டரை அணைத்து, 15 நிமிடம் கழித்தே நீர்மட்டத்தைக் குறையுங்கள். சூடான கண்ணாடி காற்றுபட்டு மீண்டும் குளிர்நீர் தொட்டால் விரிசல் விடும். தொட்டிக்குள் கையிடும் முன் எல்லாக் கருவிகளின் மின்இணைப்பையும் துண்டியுங்கள். மின்கம்பியை, செருகியின் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். கம்பிவழி வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்; மின்செருகிக்குச் செல்லாது.

கோடையில் விசிறி

நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியைச் சாய்வாக வீசச் செய்வதே மலிவான குளிர்ச்சி. பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். 100 மில்லி நீர் ஆவியாகும்போது, 50 லிட்டர் நீரை 1 டிகிரிக்குச் சற்று மேல் குளிரவைக்கும் அளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அறைக் காற்று அவ்வெப்பத்தைத் திரும்பத் தந்துகொண்டே இருப்பதால், நடைமுறையில் 2 முதல் 4 டிகிரி வரை குறைப்பு கிட்டும். நாகபுரி, ஜெய்ப்பூர் போன்ற வறண்ட ஊர்களில் பலன் மிகுதி. காற்றில் ஈரம் நிறைந்த சென்னையிலும் மும்பையிலும் குறைவு. ஆவியான நீரை நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியிலேயே தங்கும். ஆகவே, ஈடுசெய்வதோடு நில்லாமல் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுவதும் தேவை.

கோடை நண்பகலில் மூடியைச் சற்றுத் திறந்துவைத்து, அதன்மேல் வலையிட்டுவிடலாம். விளக்கை மாலை நேரத்துக்கு மாற்றலாம். உணவைக் குறைக்கலாம். பனிக்கட்டியை நேரே இடுதல் கூடாது. மிகவும் நெருக்கடியாயின், உறைந்த நீர்ப்புட்டி ஒன்றை மூடியோடு மிதக்கவிட்டு, வெப்பம் மணிக்கு 1 டிகிரிக்கு மேல் குறையாதபடி கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கை: மே மாதப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீர், கை பொறுக்காத சூட்டில் இருக்கும். தை மாத விடியலில் வடமாநிலங்களில் அதே நீர் உறையும் குளிரில் வரும். வாளியில் பிடித்து வைத்து, வெப்பமானியால் சோதித்து, தொட்டி நீருக்கும் அதற்கும் 2 டிகிரிக்கு மேல் வேறுபாடில்லாதபோது மட்டுமே ஊற்றுங்கள்.

மின்சாரம் நின்றுபோனால்

ஓரிரு மணி நேர மின்தடையை அளவான மீன்களுள்ள தொட்டி தாங்கும். அதற்கு மேலாயின், ஒரு குவளையால் நீரை மொண்டு சிறிது உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் கரையும். பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கிவைப்பது சிக்கனமான காப்பீடு. வடிகட்டியை இன்வெர்ட்டரோடு இணைக்கலாம்; ஹீட்டரை இணைத்தால் பேட்டரி விரைவில் தீரும். மின்தடை நேரத்தில் உணவிடாதீர்கள். பல மணி நேரம் நின்றுபோன மூடிய வடிகட்டிக்குள் நீர் கெட்டிருக்கும். பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மீண்டும் இயக்குங்கள்.

மாதச் செலவு எவ்வளவு?

8 வாட் வடிகட்டி இரவும் பகலும் ஓடினால் மாதம் சுமார் 6 யூனிட். 10 வாட் எல்இடி விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் இரண்டரை யூனிட். 20 வாட் விசிறி 10 மணி நேரம் சுழன்றால் 6 யூனிட். குளிர்காலத்தில் 75 வாட் ஹீட்டர் நாளுக்கு மொத்தம் 8 மணி நேரம் எரிவதாகக் கொண்டால் 18 யூனிட். இவற்றை உங்கள் மாநில மின்கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் வடிகட்டியின் செலவு மிகச் சிறிது. நிறுத்திச் சேமிக்க அதில் ஒன்றுமில்லை. ஊரின் தட்பவெப்பத்துக்குப் பொருந்திய மீனைத் தேர்ந்தெடுத்தால் ஹீட்டர் செலவும் பெருமளவு குறையும்.

முதல் ஆறு வாரங்கள்

முதல் வாரம் மீனின்றி நீர், வடிகட்டி, வெப்பமானி மட்டும். இரண்டாம் வாரம், மூன்று அல்லது நான்கு சிறு மீன்கள். மீன் வந்த பாலித்தீன் பையைத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பின் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டு முதல் ஆறாம் வாரம் வரை, உணவை இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இடுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை சோதனைத் திரவத்தால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். அவை தென்பட்டால் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் சுழியமாக இருந்த பிறகே அடுத்த மீன்களைச் சேர்க்கலாம்.

எக்காரணத்தாலாவது மீன்களைத் தொடர்ந்து வளர்க்க இயலாமற்போனால், ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் தென் அமெரிக்கக் கெளுத்தி, அவ்வாறு நம் நீர்நிலைகளில் பரவி உள்நாட்டு மீன்களுக்கு இடையூறாகியுள்ளது. வாங்கிய கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமோ ஒப்படையுங்கள். டேனியோவும் கௌராமியும் பிறந்த ஆறுகளுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அது.